ஆவணத்தின் முதல் வரியும் தமிழின் எண்வடிவும்

இவ்விழாமலரைத் தொகுக்கும் பணியில் நாம் ஈடுபட்டிருந்த காலத்து, மறைந்த பழைய மாணவர்களின் நினைவுப் பக்கத்துக்கெனப் பெயர்ப்பட்டியல்கள் நான்கு, வெவ்வேறு இடங்களிலிருந்து எம்மை வந்தடைந்தன. நான்கும் கணினிக் கோப்புகளே. முதலாவதைத் திறந்தபோது பெயர்கள் யாவும் தெளிவாகத் தோன்றின. இரண்டாவதில் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் விரவிக் கிடந்தன. மூன்றாவதில், தலையிற் சாய்கோடு பெற்ற ‘ஏ’ என்னும் இலத்தீன் எழுத்து வரிதோறும் அணிவகுத்து நின்றது. நான்காவதில் வினாக்குறிகளன்றி வேறொன்றும் இல்லை. முதன் மூன்றிலும் இருந்த பெயர்களை நாம் பிழையின்றிப் பெற்றுக்கொண்டோம். நான்காவதிலிருந்து ஒரு பெயரையேனும் மீட்க இயலவில்லை. அனுப்பிய அன்பரிடமும் வேறு படி இருக்கவில்லை.

மூன்று பிழைத்து ஒன்று மடிந்தது யாது காரணத்தால்? இவ்வினாவுக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும். விடை அறிவதற்கு, எக்ஸ்எம்எல் என்னும் ஆவண முறையையும், அதன் தலைப்பில் நிற்கும் ஒற்றை வரியையும், அவ்வரி சான்று கூறும் எழுத்துக் குறிமுறையையும் அறிதல் வேண்டும். கணினித்துறையார்க்கு மட்டும் உரிய செய்தி இஃது என்று அன்பர்கள் ஒதுக்கிவிடலாகாது. நாள்தோறும் கணினியில் ஒரு மடலையேனும் எழுதுவார் அனைவரும் இதனை அறிந்தோ அறியாமலோ கையாண்டே வருகின்றனர்.

எழுத்துக்கு ஒலிவடிவு, வரிவடிவு என இரண்டு வடிவங்கள் உண்டென்பது நாம் இலக்கண வகுப்பிற் கற்ற பாடம். கணினி வந்த பின்னர் மூன்றாவதொரு வடிவும் தோன்றியுள்ளது. அதனை எண்வடிவு என்று கூறலாம். கணினிக்கு ‘அ’ என்னும் ஒலியும் தெரியாது. அதன் வளைவும் தெரியாது. அஃது அறிந்தது எண் ஒன்றே. எந்த எண் எந்த எழுத்தைக் குறிக்கும் என்று வகுத்துக்கொண்ட உடன்படிக்கையே எழுத்துக் குறிமுறை எனப்படும்.

உடன்படிக்கை அறியாதான் ஏட்டைப் படிக்க இயலாது என்பது நமக்குப் புதிய செய்தியன்று. பழைய ஓலைச்சுவடிகளில் மெய்யெழுத்துக்குப் பெரும்பாலும் புள்ளி இடுவதில்லை. எகர ஏகாரங்களும் ஒகர ஓகாரங்களும் வேறுபாடின்றி எழுதப்பட்டன. ஆயினும் சி. வை. தாமோதரம்பிள்ளை, உ. வே. சாமிநாதையர் போன்ற பதிப்பாசிரியர்கள் யாப்பும் பொருளும் துணையாகக் கொண்டு உரிய எழுத்தைத் துணிந்தனர். மனிதன் இடம்நோக்கி உய்த்துணர்வான். கணினிக்கோ உய்த்துணர்வு இயல்பன்று. முன்னரே சொல்லிவைத்தல் வேண்டும்.

கணினியில் எண்கள் எட்டு இருமக் கூறுகள் கொண்ட சிறு கலங்களில் வைக்கப்படுகின்றன. இக்கலத்தைப் பைட் என்பர். ஒரு பைட்டில் 0 முதல் 255 வரையுள்ள 256 எண்களுள் ஒன்று அடங்கும். 1963ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வகுக்கப்பட்ட ஆஸ்கி என்னும் குறிமுறை 128 இடங்களையே கொண்டது. ஆங்கில எழுத்துகளுக்கும் இலக்கங்களுக்கும் நிறுத்தக்குறிகளுக்கும் அவை போதுமாயின. எஞ்சிய 128 இடங்களை ஒவ்வொரு நாட்டாரும் தத்தம் எழுத்துக்கு வழங்கிக்கொண்டனர். மேற்கு ஐரோப்பியர் அமைத்துக்கொண்டது இலத்தீன்-1 எனப்படும். அதில் 224 என்னும் எண், மேலே நாம் கூறிய சாய்கோட்டு ‘ஏ’யைக் குறிக்கும். இங்ஙனம் ஒரே எண் ஓரிடத்து ஓர் எழுத்தும் பிறிதோரிடத்து வேறோர் எழுத்தும் ஆயிற்று. குழப்பத்தின் வேர் இதுவேயாம்.

தமிழர் இக்குழப்பத்திற் பிறர்க்குப் பின்னிட்டாரல்லர். இலங்கையிற் பெரிதும் வழங்கிய பாமினி என்னும் எழுத்துரு, ஆங்கில எழுத்துகளின் இடத்திலேயே தமிழ் வடிவங்களை அமர்த்திற்று. இணையவழி கூடிய தமிழன்பர்கள் 1990களில் திஸ்கி என்னும் எட்டுக்கூற்றுக் குறிமுறையை வகுத்தனர். 1999ஆம் ஆண்டு சென்னையில் நிகழ்ந்த தமிழிணைய மாநாட்டை அடுத்துத் தமிழ்நாட்டரசு டாம், டாப் என்னும் இரண்டை ஏற்றது. சுவிற்சர்லாந்தில் வாழ்ந்த கு. கல்யாணசுந்தரம் முதலியோர் 1998ஆம் ஆண்டுப் பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டம், தமிழ் நூல்களைத் திஸ்கியில் வெளியிட்டுப் பின்னர் ஒருங்குறிக்கு மாற்றிக்கொண்டது.

யூனிகோட் எனப்படும் ஒருங்குறி, உலகின் எழுத்துகள் அனைத்துக்கும் தனித்தனி எண் வழங்கும் முயற்சியாகும். அதன் முதற் பதிப்பு 1991இல் வெளிவந்தது. அதில் தமிழுக்கு 2944 முதல் 3071 வரையுள்ள 128 இடங்கள் ஒதுக்கப்பட்டன. அகரத்தின் எண் 2949. ககரத்தின் எண் 2965. புள்ளியின் எண் 3021. தமிழின் 247 எழுத்துகளுக்கும் தனித்தனி இடம் இல்லை. ககரத்தின் எண்ணையும் புள்ளியின் எண்ணையும் அடுத்தடுத்து வைத்தே ‘க்’ என்னும் மெய்யைப் பெறுகிறோம். இவ்வமைப்புக் குறித்து அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. 2010இல் தமிழ்நாட்டரசு ஒருங்குறியோடு டேஸ்-16 என்னும் பிறிதொன்றையும் ஏற்றமை அதற்குச் சான்று. எனினும், நாடு கடந்து செல்லும் ஆவணங்களுக்கு இன்று ஒருங்குறியே பொதுமொழியாய் விளங்குகின்றது.

இனி, இந்த எண்களைப் பைட்டுகளில் வைப்பது எவ்வாறு என்பதைக் காண்பாம். 2949 என்னும் எண் ஒரு பைட்டில் அடங்காது. 1992ஆம் ஆண்டில் கென் தொம்சன், ரொப் பைக் என்னும் இருவர் வகுத்த யுடிஎஃப்-8 என்னும் முறையில், ஆங்கில எழுத்து ஒரு பைட்டிலும், தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட்டுகளிலும் அமையும். அகரம் 224, 174, 133 என வரும். ககரம் 224, 174, 149 என வரும். நம் ஊர்ப் பெயரையே எடுத்துக்கொள்வோம். ‘மட்டக்களப்பு’ என்பதில் எழுத்துகள் எட்டு. மூன்று புள்ளிகளையும் ஓர் உகரக் குறியையும் தனித்தெண்ணின் ஒருங்குறி எண்கள் பன்னிரண்டு. யுடிஎஃப்-8இல் அவை 36 பைட்டுகள். பன்னிரண்டும் 224 என்றே தொடங்கும். இந்த 36 பைட்டுகளை இலத்தீன்-1 என்று பிறழ உணர்ந்தால், சாய்கோட்டு ‘ஏ’ பன்னிரு முறை வருதல் தவிர்க்கவியலாதது. எமது மூன்றாம் பட்டியலின் மறைபொருள் இதுவே.

ஆகவே, ஒரு கோப்பு தன்னைப் படிப்பாரிடம், ‘யான் இன்ன குறிமுறையில் எழுதப்பட்டேன்’ என்று முதற்கண்ணே கூறிவிடுமாயின் இடர் நீங்கும் அன்றோ? அங்ஙனம் கூறுவதற்கென்றே எக்ஸ்எம்எல் ஆவணத்தின் தலைவரி அமைந்துள்ளது. எக்ஸ்எம்எல் என்பது, ஆவணத்தின் உறுப்புகளைப் பெயரிட்டு வேலியிட்டுக் காட்டும் குறிமொழி. உலகளாவிய வலைச் சங்கம் அதன் 1.0 பதிப்பை 1998ஆம் ஆண்டு பெப்ரவரி 10ஆம் நாள் வெளியிட்டது. மதுரைத் திட்டம் தொடங்கி ஒரு திங்கள் நிறைவதற்குள் இது நிகழ்ந்தது. இன்று நாம் எழுதும் வேர்ட் ஆவணங்களின் உள்ளும், மின்னூல்களின் உள்ளும் இருப்பது எக்ஸ்எம்எல்லே. நம் பெயர்ப்பட்டியலை அம்முறையில் எழுதினால் பின்வருமாறு அமையும்:

<?எக்ஸ்எம்எல் வெர்ஷன்="1.0" என்கோடிங்="யுடிஎஃப்-8"?>
<பட்டியல்>
<மாணவர்><ஊர்>மட்டக்களப்பு</ஊர்></மாணவர்>
</பட்டியல்>

முதல் வரியை உண்மையில் உரோம எழுத்திலேயே எழுதுதல் வேண்டும். ஈண்டு படிப்போர்க்கு எளிதாகும்பொருட்டு ஒலிபெயர்த்துக் காட்டினோம். ஏனைய வரிகளில் உறுப்புப் பெயர்களைத் தமிழிலேயே இடலாம். எக்ஸ்எம்எல் விதி அதற்கு இடந்தருகின்றது.

நூலுக்குப் பாயிரம் போன்றது இத்தலைவரி. சிறப்புப்பாயிரம் ஆக்கியோன் பெயர் முதலாக எட்டுச் செய்திகளைக் கூறும். இதுவோ மூன்றே கூறும். முதலாவது, எக்ஸ்எம்எல்லின் எப்பதிப்பு என்பது. தலைவரி எழுதின் இதனை விடலாகாது. இரண்டாவது, எழுத்துக் குறிமுறை. மூன்றாவது, ஆவணம் புறத்தேயுள்ள அறிவிப்புகளைச் சாராது தனித்து நிற்பதா என்பது. பின்னிரண்டும் வேண்டுழிக் கூறப்படும். ஆயினும் இவ்வரிசை மாறலாகாது. 2004இல் 1.1 என்னும் பதிப்பும் வெளிவந்தது. எனினும் பெருவழக்காய் நிற்பது 1.0 என்பதே.

இவ்வரி நிற்கும் இடமும் வரையறைப்பட்டது. ஏட்டின் தலையிற் பிள்ளையார் சுழி இட்டபின்னரே வேறெதனையும் எழுதுவது நம் முன்னோர் வழக்கம். அவ்வழக்கிலும் கடுமையானது இவ்விதி. தலைவரிக்கு முன் ஒரு வெற்றிடமோ வெறுவரியோ வரினும் ஆவணம் பிழைபட்டதாகும். கண்ணுக்குத் தோன்றாத வெற்றிடத்தால் ஆவணம் மறுக்கப்பட்டு, காரணம் அறியாது பல நாழிகை மயங்கியோர் பலர்.

ஈண்டு நுண்ணறிவுடைய மாணவர் ஒருவர் ஓர் ஐயம் எழுப்புவார்: குறிமுறையை அறிந்தாலன்றித் தலைவரியைப் படிக்க இயலாது, தலைவரியைப் படித்தாலன்றிக் குறிமுறையை அறிய இயலாது, இம்முடிச்சை அவிழ்ப்பது எங்ஙனம்? நம் களப்பு கடலோடு கூடும் முகத்துவாரத்தில், தோணிக்காரன் கழி ஊன்றுமுன் நீரின் நிறத்தையும் அலையின் மடிப்பையும் நோக்கி ஆழத்தை ஓரளவு மட்டிட்டுக்கொள்வான். கணினியும் அதுவே செய்கின்றது. தலைவரியின் தொடக்கம் எப்போதும் ஒன்றே: கோணக்குறி, வினாக்குறி, அதனையடுத்து எக்ஸ்எம்எல் என்னும் மூன்று எழுத்துகள். கோப்பின் முதலில் 60, 63 என்னும் பைட்டுகள் அடுத்தடுத்து வரின் அஃது ஆஸ்கியைத் தழுவிய குறிமுறை எனத் துணியலாம். 0, 60, 0, 63 என்றோ 60, 0, 63, 0 என்றோ வரின், எழுத்துக்கு இரண்டு பைட்டு வழங்கும் யுடிஎஃப்-16 எனத் துணியலாம். 239, 187, 191 என்னும் மூன்றும் முன்னிற்பின் அவை யுடிஎஃப்-8இன் முத்திரை. இவ்வளவு அறிந்ததும் தலைவரியைப் படித்துவிடலாம். படித்ததும் ஐயமறத் தெளியலாம். தலைவரியும் இல்லை, முத்திரையும் இல்லை, புறத்தே யாரும் வேறு கூறவுமில்லை எனின், யுடிஎஃப்-8 என்றே கொள்க என்பது விதி.

எல்லாவற்றினும் தலையாய செய்தி ஒன்று உண்டு. தலைவரி ஒரு சான்றுரையேயன்றி ஒரு செயல் அன்று. சாக்கில் இருப்பது சம்பாவாக இருக்க, மேலே மொட்டைக்கறுப்பன் என்று எழுதிவிட்டால் நெல் மாறிவிடுமா? திஸ்கியில் உள்ள கோப்பின் தலையில் யுடிஎஃப்-8 என்று எழுதிவிட்டால் கோப்பு ஒருங்குறியாய் மாறிவிடாது. பொய்ச்சான்று ஒன்று பிறக்கும், அவ்வளவே. சொல்லை மாற்றுதல் வேறு; பைட்டுகளை மாற்றுதல் வேறு.

இப்பொய்ச்சான்று இருவகைப்படும். திஸ்கிக் கோப்பை யுடிஎஃப்-8 என்று கூறுவது ஒருவகை. யுடிஎஃப்-8இல் பைட்டுகள் வரும் ஒழுங்குக்குக் கண்டிப்பான இலக்கணம் உண்டு. திஸ்கியின் பைட்டுகள் அவ்விலக்கணத்துக்குப் பெரும்பாலும் ஒத்துவாரா. எக்ஸ்எம்எல்லைப் படிக்கும் கருவி அவ்விடத்தே நின்று, ‘பிழை’ என்று உரைத்து, மேலே செல்ல மறுத்தல் வேண்டும் என்பது விதி. இம்மறுப்பைக் கண்டு சினத்தல் வேண்டா. கள்வனைக் கண்டு குரைக்கும் நாயை யாரும் கடிந்துகொள்வதில்லை. மற்றவகை இதன் மறுதலை: யுடிஎஃப்-8 கோப்பை இலத்தீன்-1 என்று கூறுவது. இலத்தீன்-1இல் எந்தப் பைட்டும் ஏதேனும் ஒரு குறியாய் ஏற்கப்படும். எனவே கருவி மறுப்பதில்லை. பொருளற்ற குறிகளை அமைதியாக அளித்துவிடும். முன்னையதினும் பின்னையதே அஞ்சத்தக்கது. ஓசையின்றி நிகழும் பிழையை யார் காண்பார்?

இனி, எமது இரண்டாம் பட்டியலுக்கு வருவோம். அது பாமினியில் எழுதப்பட்ட வேர்ட் கோப்பு. அதன் உள்ளே தலைவரி யுடிஎஃப்-8 என்றே கூறிற்று. அக்கூற்று மெய்யே. ஆயினும் அதில் ஒரு தமிழெழுத்தும் இல்லை. பாமினியில் ‘மட்டக்களப்பு’ என்று எழுதியவர் உண்மையில் எழுதியது கே, எல், அரைப்புள்ளி, எல், எஃப், அரைப்புள்ளி, எஃப், எஸ், ஜீ, அரைப்புள்ளி, பெரிய ஜீ என்னும் பதினொரு ஆங்கிலக் குறிகளையே. எழுத்துரு என்னும் முகமூடி அவற்றுக்குத் தமிழ்த் தோற்றம் தந்தது. முகமூடி இல்லாத கணினியில் உண்மை உரு வெளிப்பட்டுவிட்டது. அங்கே அரைப்புள்ளியே மெய்யின் புள்ளியாய் நின்றமை காண்க. இத்தகைய கோப்பில் ‘மட்டக்களப்பு’ என்று தேடினால் அகப்படாது. திஸ்கி, 2007ஆம் ஆண்டில் இணையக் குறிமுறைப் பதிவேட்டில் இடம்பெற்றமையால், அதன் பெயரைத் தலைவரியில் முறைப்படி கூறலாம். பாமினி எழுத்துருவேயன்றிப் பதிவுபெற்ற குறிமுறையன்று. அதனைக் கூறத் தலைவரியிற் சொல்லே இல்லை.

மற்றோர் இடரும் உண்டு. பாமினியில் ‘ஈ’ என்னும் எழுத்து இடப்புறம் கூர்நோக்கிய கோணக்குறியில் அமைந்தது. எக்ஸ்எம்எல்லில் அக்குறியே உறுப்புகளின் வேலியைத் திறப்பது. பாமினியில் எழுதிய ‘ஈழம்’ என்னும் சொல்லை அவ்வாறே எக்ஸ்எம்எல்லுள் இட்டால், கருவி அதனை ஒரு புதிய உறுப்பின் தொடக்கம் என்று மயங்கிப் பிழையுரைத்து நின்றுவிடும். ஒரு மக்களின் நாட்டுப்பெயர் ஒரு கோணக்குறியாய் மயங்கி நிற்பது, முகமூடி எழுத்தின் குறைபாட்டை உணர்த்தப் போதிய எடுத்துக்காட்டாகும்.

எனினும் பாமினிக் கோப்பை மீட்டல் அரிதன்று. எந்த ஆங்கிலக் குறி எந்தத் தமிழெழுத்தைக் குறிக்கும் என்னும் அட்டவணை நம்மிடம் உண்டு. கவனிக்க வேண்டியது வரிசை ஒன்றே. பாமினியில் ‘கொ’ என்பதனைக் கண்ணுக்குத் தோன்றுமாறு ஒற்றைக்கொம்பு, ககரம், கால் என மூன்றாக எழுதுவர். ஒருங்குறியிலோ ககரம் முதலிலும், கொம்பும் காலும் இணைந்த ஒகரக்குறி அதன் பின்னும் நிற்றல் வேண்டும். இதனை நோக்காத மாற்றுக்கருவி பெயர்களைச் சிதைத்துவிடும்.

இப்போது தொடக்கத்தில் எழுந்த வினாவுக்கு விடை கூறலாம். இரண்டாம் பட்டியலில் எண்கள் சிதையவில்லை. உடன்படிக்கையை அறிந்தோம், மீட்டோம். மூன்றாம் பட்டியலிலும் எண்கள் சிதையவில்லை. தலைவரியிற் பொய் இருந்தது, திருத்தினோம், பெயர்கள் தோன்றின. அப்பட்டியலைப் பிறழப் படித்த நிலையிலேயே எவரேனும் மீண்டும் யுடிஎஃப்-8இற் சேமித்திருப்பின், மட்டக்களப்பின் 36 பைட்டுகள் 72 ஆகியிருக்கும். அதனையும் வந்த வழியே திரும்பிச் சென்று பொறுமையுடன் மீட்டிருக்கலாம். நான்காம் பட்டியலுக்கு நேர்ந்தது வேறு. தமிழெழுத்துக்கே இடமில்லாத குறிமுறை ஒன்றில் அது சேமிக்கப்பட்டது. இடமில்லா எழுத்து ஒவ்வொன்றுக்கும் ஈடாகக் கருவி 63 என்னும் எண்ணை, அஃதாவது வினாக்குறியை, எழுதிவிட்டது. மட்டக்களப்புக்குப் பன்னிரண்டு வினாக்குறிகள். பன்னிரண்டு ஒருங்குறி எண்கள் கொண்ட வேறெந்தச் சொல்லுக்கும் அதே பன்னிரண்டு. அவற்றிலிருந்து எந்தப் பெயரை மீட்பது? பிறழப் படித்தல் நோய். பிறழச் சேமித்தல் மரணம். நாம் கல்லூரிச் சேர்விடாப்பைப் புரட்டியும், குடும்பத்தாரை வினவியும் அப்பட்டியலை மீண்டும் எழுதினோம். உறுதிப்படாத பெயர் எதனையும் ஊகித்துச் சேர்க்கவில்லை. ஆகவே அப்பக்கத்தில் இடம்பெற வேண்டிய சிலர் விடுபட்டிருத்தல் கூடும். அவர்தம் உற்றார் அறியத்தருவராக.

அன்பர்கள் மனங்கொள்ள வேண்டியவற்றை இனித் தொகுத்துரைப்பாம். புதிதாக எழுதுவன யாவற்றையும் ஒருங்குறியில் எழுதி யுடிஎஃப்-8இற் சேமியுங்கள். எக்ஸ்எம்எல் படிக்கும் கருவி எதுவாயினும் யுடிஎஃப்-8ஐயும் யுடிஎஃப்-16ஐயும் ஏற்றேயாக வேண்டும். தலைவரியை முதலில் இட்டு, அதன் முன் யாதும் வாராமற் காத்துக்கொள்ளுங்கள். கோப்பில் உள்ளதையே தலைவரியிற் கூறுங்கள். பழைய கோப்பை மாற்றும்போது மூலப்படியை அழிக்காது, மாற்றிய படியை ஒருவர் எழுத்தெழுத்தாக ஒப்புநோக்கிய பின்னரும் காத்துவையுங்கள். கண்ணுக்குத் தமிழாய்த் தோன்றுவதை மட்டும் நம்பாது, ஒரு சொல்லைத் தேடிப் பாருங்கள். அகப்பட்டால் அது தமிழ், அகப்படாவிடின் முகமூடி. குறிகள் பிறழ்ந்து தோன்றினால், எக்காரணத்தாலும் அந்நிலையிற் சேமியாது கோப்பை மூடிவிடுங்கள்.

1978ஆம் ஆண்டு நவெம்பரில் வீசிய சூறாவளியும், 2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆம் நாள் எழுந்த கடற்கோளும் இக்கரையோரத்தில் எத்தனை வீடுகளின் ஏடுகளையும் நிழற்படங்களையும் கொண்டுசென்றன என்பதை நாம் அறிவோம். எஞ்சியவற்றைக் கணினியில் ஏற்றிக் காக்கும் பணியில் 2005 முதல் நூலகம் என்னும் மின்னூலகம் ஈடுபட்டுள்ளது. நம் கல்லூரியின் பழைய மலர்களையும் அவ்வாறு காத்தல் வேண்டும். காற்றுக்கும் கடலுக்கும் தப்பிய எழுத்தை ஒரு தவறான சேமிப்பால் இழத்தல் நமக்குப் பெருமை தருவதன்று.

காரைதீவிற் பிறந்த சுவாமி விபுலாநந்தர், வழக்கொழிந்த யாழின் இலக்கணத்தைப் பல்லாண்டு ஆய்ந்து கண்ட முடிபுகள் 1947ஆம் ஆண்டில் யாழ்நூலாய் வெளிவந்தன. யாழைப் பற்றிய சொற்கள் பழந்தமிழ் நூல்களில் அழியாதிருந்தன. அவை எந்த ஒலியை, எந்த அளவைக் குறித்தன என்னும் திறவுகோலே மறைந்திருந்தது. அதனைத் தேட ஒரு பேரறிஞரின் வாழ்நாளிற் பெரும்பகுதி வேண்டியிருந்தது. நம் பின்னோருக்கு அத்தகைய உழைப்பை நாம் விட்டுச்செல்லல் ஆகாது. எழுத்தோடு திறவுகோலையும் சேர்த்து வைப்போமாக. அதற்கு வேண்டுவது மெய்யான ஒரு முதல் வரியே.